அம்மாவின் புளிச்சோறும் கெந்திங் பஃபேயும்

பள்ளி விடுமுறை தொடங்கினால் எங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். எங்கே போகலாம்? அங்கே என்ன சாப்பிடுவது? முதல் கேள்விக்குப் பிள்ளைகள் பதில் வைத்திருப்பார்கள். இரண்டாவது கேள்வி அம்மாவுடையது. காம்பாரை விட்டு எங்கே கிளம்பினாலும் புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை என்று மூன்று டப்பாக்களைக் கட்டாமல் அவர் காரில் ஏறமாட்டார்.

இந்த முறை மகன் கேட்ட இடம் கெந்திங் மலை. அவனுக்கு வேண்டியது அங்குள்ள விளையாட்டுப் பூங்கா. பனிமூட்டத்தில் படம் எடுக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. இரவு அடுப்பங்கரையில் என்னிடம் தனியாகச் சொன்னார்: "நீங்க போயிட்டு வாங்க. சூதாட்டக் காசுல கட்டுன இடத்துல நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

காரணம் எனக்குத் தெரியும். அம்மா காம்பாருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அவருடைய தம்பி, என் மாமா, நல்ல உழைப்பாளி. ஆனால் சம்பளம் போட்ட மறுநாளே குதிரைப் பந்தயம், நாலு நம்பர் என்று போய்விடுவார். ஒருமுறை அவசரம் என்று சொல்லி அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை வாங்கிப் போனார். அது அடகுக்கடையிலிருந்து திரும்பவே இல்லை. மாமா இன்று உயிரோடு இல்லை. அந்தச் சங்கிலியைப் பற்றி அம்மா யாரிடமும் பேசியதில்லை. ஆனால் "அதிர்ஷ்டம்" என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் மாறிவிடும்.

கடைசியில் பேரன்தான் ஜெயித்தான். "பாட்டி வரலன்னா எனக்கும் வேணாம்" என்று உட்கார்ந்துவிட்டான். அம்மா நான்காவதாக ஒரு டப்பாவைக் கழுவி வைத்தார். வருகிறார் என்று புரிந்துகொண்டோம்.

ஈய நகரிலிருந்து மேக நகருக்கு

காம்பாரிலிருந்து கெந்திங்கிற்கு இரண்டு வழிகளில் போகலாம். கார் இல்லாதவர்கள் காம்பார் நிலையத்தில் இ.டி.எஸ். ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் அவானா நிலையத்துக்குப் போய், கேபிள் காரில் மேலே செல்லலாம். நாங்கள் காரில் போனோம். தெமோவைக் கடந்து தாப்பா டோலில் நெடுஞ்சாலை ஏறினால் பீடோர், சுங்காய், சிலிம் ரீவர், தஞ்சோங் மாலிம் என்று ஊர்கள் பின்னால் ஓடும். வழியில் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தி பீடோர் கொய்யா வாங்கினோம். புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே பொட்டலங்கள் ஏற்கெனவே அம்மாவின் பையில் இருந்தன.

கோம்பாக்கில் காராக் நெடுஞ்சாலை பிடித்ததும் குளிர் தெரியத் தொடங்கியது. அவானாவில் காரை விட்டுக் கேபிள் காரில் ஏறினோம். ஏறக்குறைய பத்து நிமிடப் பயணம். கீழே காடு, சுற்றிலும் மேகம். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டு ஒசரத்துல யாருடா ரோடு போட்டது?" என்று கேட்டார்.

ரோடு போட்டவர் லிம் கோ தோங். 1918இல் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் பிறந்து, 1937இல் மலாயாவுக்கு வந்து, கட்டுமானக் குத்தகையாளராக வளர்ந்தவர். 1964இல் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலையில் இருந்தபோது, கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு குளிர்மலை இருந்தால் மக்கள் வருவார்களே என்று அவருக்குத் தோன்றியது. 1965 ஆகஸ்டில் சாலை வேலை தொடங்கியது. அடர்ந்த காட்டைக் குடைந்து 6,000 அடி உயரத்துக்குச் சாலை போட நான்கு ஆண்டுகள் ஆயின. 1969 மார்ச் 31இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். அரசாங்க உதவியில்லாமல் தனியாள் ஒருவர் இவ்வளவு செய்ததைப் பார்த்துத்தான் கேசினோ உரிமம் பற்றிய பேச்சே வந்தது. 1971இல் முதல் ஹோட்டல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை மலேசியாவில் உரிமம் பெற்ற கேசினோ இது ஒன்றுதான். முஸ்லிம்களுக்கும் 21 வயது நிரம்பாதவர்களுக்கும் உள்ளே அனுமதி கிடையாது.

இதையெல்லாம் கேட்ட அம்மா, "ரோடு போட்டது நல்ல காரியம்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

சாப்பாடு எதற்காக?

கேசினோ இருக்கும் உல்லாசத் தளங்களில் சாப்பாட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் 1941இல் எல் ராஞ்சோ வேகஸ் என்ற ஹோட்டல் திறந்தது. அங்கே அந்த நாற்பதுகளிலேயே இரவு நேரத்தில் ஒரு டாலருக்கு வயிறு முட்டச் சாப்பிடும் பஃபே தொடங்கியது. பசித்தவன் ஆட்டத்தை விட்டு எழுந்து வெளியே போய்விடுவான். சாப்பாடு பக்கத்திலேயே, அதுவும் மலிவாக இருந்தால் திரும்ப மேசைக்கு வருவான். பஃபேயில் நட்டம் வந்தாலும் மேசையில் அதை எடுத்துவிடலாம் என்பதுதான் கணக்கு. இன்றும் கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களில் நுழைவுச்சீட்டோடு சாப்பாடும் சேர்ந்தே வருகிறது.

நான் ஈப்போவில் கணக்கு வேலை பார்ப்பவள். அதனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ரூலெட் சக்கரத்தில் பூஜ்யத்தையும் சேர்த்து 37 எண்கள். ஓர் எண்ணில் ஒரு வெள்ளி கட்டி வென்றால் 35 வெள்ளி லாபம். முப்பத்தேழு முறை கட்டி, சராசரிப்படி ஒருமுறை வென்றால், 36 வெள்ளி போயிருக்கும். 35 வெள்ளி வந்திருக்கும். ஒவ்வொரு 37 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி வீட்டுக்காரனுக்கு. சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் ஒரு சுற்றுக்குப் பத்து வெள்ளி, மணிக்கு நாற்பது சுற்று என்று ஆடுபவர் மணிக்கு 400 வெள்ளியைச் சக்கரத்தில் சுற்ற விடுகிறார். அதில் சராசரியாக 11 வெள்ளி போய்விடும். ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 55 வெள்ளி. அதற்குப் பரிசாக உறுப்பினர் அட்டையில் புள்ளிகள் ஏறி, ஒருவேளைச் சாப்பாட்டுக்குச் சீட்டு கிடைத்தால், அதை இலவசம் என்று சொல்ல முடியுமா?

ஆட்டத்தில் கால் வைக்காத குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. நமக்கு யாரும் சலுகை விலையில் போடுவதில்லை. இன்றைய உல்லாசத் தளங்கள் கடை, பூங்கா, உணவகம் எல்லாவற்றிலும் தனித்தனியாகவே சம்பாதிக்கின்றன. மேலும் அரிசி, மீன், காய்கறி எல்லாமே லோரியில் மலையேறி வர வேண்டும். கீழே ஐந்து வெள்ளிக்குக் கிடைப்பது மேலே அந்த விலையில் கிடைக்காது. அதைத் தெரிந்துகொண்டு போனால் மனம் நோகாது.

முதல் நாள்: அறைக்குள் ஒரு பந்தி

ஸ்கைஅவென்யூ கட்டடத்தில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. லண்டன் பெயர்பெற்ற பர்கர் அண்ட் லாப்ஸ்டர் முதல் துரித உணவுக் கடைகள் வரை இருக்கின்றன. பினாங்கு, ஈப்போ, மலாக்கா என்று ஊர் ஊராகப் பெயர்பெற்ற சாப்பாட்டை ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கும் மலேசியன் ஃபூட் ஸ்ட்ரீட்டும் உண்டு. பிள்ளைகள் ஒவ்வொரு கடையாக மூக்கை நீட்டினார்கள். அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பாட்டி, பசிக்கலையா?"

"ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம் சாமி."

வெளிச் சாப்பாட்டை உணவகங்களுக்குள் பிரிக்கக் கூடாது. அதனால் அன்று மதியம் ஹோட்டல் அறைக் கட்டிலில் நாளிதழை விரித்து, புளிச்சோறும் சம்பலும் சாப்பிட்டோம். எங்கள் அறை ஃபர்ஸ்ட் வோர்ல்ட் ஹோட்டலில். 2015இல் 7,351 அறைகளோடு உலகின் மிகப் பெரிய ஹோட்டல் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த கட்டடம். அதில் எங்கள் அறையில் மட்டும் புளிச்சோற்று வாசனை. உண்மையைச் சொன்னால் அந்தக் குளிருக்கு அது அமிர்தமாக இருந்தது.

பிறகு அறையிலிருந்த கெத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்துத் தேத்தண்ணீர் கலந்தேன். ஒரு வாய் குடித்த அம்மா, "சாயமே இறங்கல. தண்ணி கொதிச்சுச்சா?" என்றார். கொதிக்கத்தான் செய்தது. ஆனால் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் இங்கே சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மகள் இதை அறிவியல் பாடமாக விளக்க, அம்மா "அப்போ ரெண்டு நிமிஷம் கூடப் போட்டு மூடி வை" என்று தீர்ப்புச் சொன்னார். மூடி வைத்தோம். சாயம் இறங்கியது.

இரண்டாம் நாள்: பஃபே

மறுநாள் மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். ஹோட்டல் பஃபேயில் இரவுச் சாப்பாடு என்று ஒரு மாதத்துக்கு முன்பே அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அம்மா வந்தார். ஆனால் வாசலிலேயே, "நான் சும்மா ஒக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். பஃபேயில் உள்ளே போனாலே தலைக்கு ஒரு விலை. உட்கார்ந்திருக்க மட்டும் கட்டணம் கட்டுவதா என்று எனக்குள் கணக்குப் பிள்ளை புலம்பினாள். பேசாமல் கட்டினேன்.

உள்ளே ஒரு பக்கம் ஐஸ்கட்டி மேல் இறால், சிப்பி. ஒரு பக்கம் சாத்தே சுடும் புகை. சூடாக நூடல்ஸ் போட்டுக் கொடுக்கும் இடம், ரெண்டாங், கோழிக் கறி, பருப்பு, நான் ரொட்டி, பலவித கூவே, ஐஸ்கிரீம். பிள்ளைகள் மூன்று சுற்றுப் போனார்கள். பக்கத்து மேசையில் ஒரு கூட்டம் தட்டு நிறைய அள்ளி வந்து பாதியை வைத்துவிட்டு எழுந்தது. எலும்பும் இறாலும் கலந்து கிடந்த அந்தத் தட்டுகளை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். தோட்டத்து லயத்தில் ஒரு டின் சார்டினை ஐந்து பேருக்குப் பங்கு போட்டவர் அவர்.

அந்தத் தட்டுகளை எடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அம்மாவின் வெறும் தட்டைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"பாட்டி, ஏதும் சாப்பிடலையா? உடம்பு சரியில்லையா?"

தமிழ்க் குரல் கேட்டதும் அம்மா நிமிர்ந்தார். "நீ எந்த ஊரும்மா?"

"சுங்காய் பக்கம் பாட்டி. தோட்டம்தான். இப்ப எல்லாம் செம்பனை."

"இங்கயேவா தங்கல்?"

"ஆமா, ஹாஸ்டல். காலைச் ஷிப்டுன்னா நாலரைக்கே எழும்பணும். குளிரு தாங்காது. பழகிடுச்சு."

அம்மா சிரித்துவிட்டார். "நாங்களும் நாலரைக்குத்தான். அஞ்சு மணிக்குப் பிரட்டுக்கு நிக்கணும். மழை பெய்ஞ்சா பாலு ஓடாது, அன்னிக்குச் சம்பளமும் இல்ல."

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினாள். தம்பி காம்பாரில் யூதார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுடைய அறை வாடகை இவள் சம்பளத்திலிருந்துதான் போகிறது. அப்பாவுக்கு முதுகு வலி, முன்போல் வேலைக்குப் போக முடியவில்லை. "பருப்பு நல்லா இருக்கும் பாட்டி. எங்க பக்கத்து அண்ணன்தான் செய்றாரு. கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

சிறிது நேரம் கழித்து அம்மா எழுந்தார். சின்னத் தட்டில் கொஞ்சம் சோறு, பருப்பு, ஒரு துண்டு கோழி எடுத்து வந்தார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "அந்தப் புள்ள சம்பாதிக்கிற சோறும் இதுல இருக்குல்ல."

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பொட்டலம் புந்தோங் கச்சாங் பூத்தே எடுத்து அந்தப் பெண்ணின் கையில் திணித்தார். அவள் சுற்றும் முற்றும் பார்த்து, அதை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காம்பாரும் ஆட்டம் கண்ட ஊர்தான்

திரும்பி வரும்போது காரில் யோசித்தேன். கெந்திங்கைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் நம் கிந்தா பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் ஆட்டத்தில் ஓடிய இடம்தான். ஆங்கிலேயர் காலத்தில் ஈயச் சுரங்க ஊர்களில் சூதாட்டக் கூடம் நடத்தும் உரிமையை அரசாங்கமே குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தது. லம்பத்துக் கூலி வாங்கிய கை அதே இரவில் வெறுங்கையாகத் திரும்பிய காலம் அது. பிறகு ஈயமே ஒரு சூதாட்டம் ஆனது. 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நின்றுபோய் விலை சரிந்தபோது, இங்கே ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் மூடப்பட்டன. இளைஞர்கள் வேலை தேடி ஊரைவிட்டுப் போனார்கள். 2007இல் யூதார் வளாகம் வந்த பிறகுதான் காம்பாரில் மறுபடி வாடகை வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெருகின. மூடிய லம்பங்களின் குளங்கள் இன்று மாணவர்கள் மாலைநடை போகும் ஏரிகள்.

ஓர் ஊரின் காசு எங்கிருந்து வந்தது என்று தோண்டிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஆனால் அம்மா போட்ட கோடு எனக்குப் புரிகிறது. மேசையில் போன காசையும் உழைத்து வாங்கிய காசையும் அவர் பிரித்துப் பார்க்கிறார். அவருடைய சங்கிலி போன பக்கம் வேறு. சுங்காய்ப் பெண் நிற்கும் பக்கம் வேறு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் இவற்றைக் கவனியுங்கள்.

விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் சேவை வரி 6 விழுக்காடும் தனி. 100 வெள்ளி என்று போட்டிருப்பது பில்லில் சுமார் 116 வெள்ளியாக வரும். ஐந்து பேர் போனால் அந்த வித்தியாசமே ஓர் ஆள் சாப்பாட்டை நெருங்கிவிடும்.

பஃபேயில் சிறுவர், மூத்த குடிமக்கள் கட்டணம் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். எத்தனை மணி நேரம் உட்காரலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் எல்லாவற்றையும் பார்த்து வாருங்கள், தட்டை எடுக்காதீர்கள். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவர்களும் குழம்பு எதில் செய்தது என்று தயங்காமல் கேட்கலாம். கேபிள் கார் சின் சுவீ கோயில் நிலையத்தில் நிற்கும். அங்கே கோயிலைப் பார்த்துவிட்டுச் சைவச் சாப்பாடும் சாப்பிடலாம். லிம் கோ தோங் எழுப்பிய கோயில் அது.

குழு, சுற்றுலா என்று போகும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டுச் சீட்டு கிடைக்கிறது என்பதற்காக மேசைக்குப் போகாதீர்கள். அந்தச் சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்குவதே மலிவு.

கீழே இறங்கியதும்

மாலை ஐந்து மணிக்குக் காம்பார் வந்து சேர்ந்தோம். யாருக்கும் சமைக்கத் தெம்பில்லை. பழைய டவுனில் கறிக்கோழி ரொட்டி வாங்கினோம். தலையணை போல் உப்பிய ரொட்டியைப் பிய்த்தால், உள்ளே பொதிந்த கோழிக் கறி ஆவி பறக்க வெளியே வரும். காம்பாரைத் தேடி வருகிறவர்கள் பலர் இதற்காகவே வருகிறார்கள். வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்துச் சாப்பிட்டோம். தேத்தண்ணீர் நல்ல சாயம்.

அம்மா டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தார். அடுத்த முறை கெந்திங் வருவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் கையைத் துடைத்துக்கொண்டே மகனிடம் ஒன்று கேட்டார்: "அந்தப் புள்ளையோட தம்பி இங்க யூதார்ல படிக்குதாமே. தீபாவளிக்கு ஊருக்குப் போகலைன்னா, நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லலாமா?"

அந்தத் தம்பியின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.